திரேஸ்புரத்துக்குப் போன மடக்குக் கத்தி

“அத வச்சு நீ என்னத்தளா வெட்டிருவ?”

கல்லூரி விடுதியில் என் பையைச் சோதித்த காப்பாளர் அம்மா கேட்ட கேள்வி இது. என் மடக்குக் கத்தியை இரண்டு விரலால் செத்த எலியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். கேட்பவர்களுக்கு இப்போது நிறையச் சொல்வேன். கோவில்பட்டியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் மண் மூட்டைகளின் தையலைப் பிரிப்பதில் தொடங்கி, மதியம் வெள்ளரிக்காய் நறுக்கி, சாயங்காலம் செருப்பு வாரில் ஓட்டை போடுவது வரைக்கும் அந்தக் கத்திதான். மடக்கினால் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடிவிளிம்பில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். வெட்டி முடித்த மறுநொடி மடக்கிவிட வேண்டும். திறந்த கத்தியோடு யாரிடமும் பேசக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விளாத்திகுளத்துப் பக்கம் வேலிக்கருவேலம் வெட்டிக் கரி போடுகிறவர்கள். விலங்கியல் படித்த நான் மண்ணுக்கு வேலை பார்ப்பது ஏன் என்று கேட்கிறவர்கள் உண்டு. கிடைத்த வேலையை நன்றாகச் செய்கிறேன் என்பேன். படித்த காலத்தில் கடல் உயிர்களைச் சீசாவில் அடைத்துப் பார்த்ததோடு சரி, கடலில் கால் வைத்ததில்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ரெஜினா தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரி. அவள் அப்பா சூசைக்குச் சொந்தப் படகு உண்டு. அண்ணன் கிங்ஸ்டன் சங்கு குளிப்பவன், அதாவது கடலுக்கு அடியில் இறங்கிச் சங்கு பொறுக்குகிறவன். “ஒரு தடவ வந்து பாரேன்” என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாசி மாதத்தில் ஊருக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். காலைப் பேருந்தில் மிளகாய் வற்றல் மூட்டைகள் மனிதர்களுக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. என் பக்கத்தில் இருந்த அக்காவின் மூட்டைக் கயிறு இருக்கைக் கம்பியில் சிக்கிக்கொண்டது. குளத்தூரில் இறங்க வேண்டியவர். நடத்துநர் விசிலை ஊதி ஊதிக் கத்திக்கொண்டிருந்தார்.

“நகருங்கக்கா” என்று கத்தியைத் திறந்து கயிற்றை வெட்டிவிட்டு மடக்கினேன்.

“எம்மாடி! நீ என்ன போலீசா?”

“மண்ணு பாக்குற வேலக்கா.”

“மண்ணப் பாக்கக் கத்தி எதுக்குளா? கண்ணு போதாதா?”

பேருந்தே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இறங்கும்போது ஒரு கைப்பிடி வற்றலை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

வேப்பலோடையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். வானத்துக்கும் தரைக்கும் நடுவே கோடு இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. பாத்திகளில் வேலை செய்தவர்கள் வெயிலுக்காக முகத்தைத் துணியால் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பேருந்து ஒரு பள்ளத்தில் விழுந்து பெரிய சத்தம் எழுப்பியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பினார்கள். முகம் இல்லாத, கண் இல்லாத தலைகள். உப்பளத்தில் எதுவுமே அசையவில்லை. பேருந்து போய்விட்ட பிறகும் அவர்கள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ரெஜினா துறைமுகச் சாலையில் ஒரு சரக்குப் பெட்டக முனையத்தில் கணக்குப் பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனேன். வாசல் காவலர் என் கத்தியை வாங்கி மேசைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டார். டணார் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். முக்கால் வாளிக்குக் கத்திகள். பேனாக்கத்தி, பழம் வெட்டும் கத்தி, பிடி உடைந்த கத்தி என்று பல ரகம். அடியில் கிடந்தவை துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“இதெல்லாம் யாருது அண்ணாச்சி?”

“உள்ள போனவங்களுது.”

“வெளிய வரலையா?”

“வந்திருப்பாவம்மா. அங்கன இன்னொரு வாசல் இருக்குல்லா” என்று சிரித்தார். பெட்டகங்கள் ஐந்து அடுக்காக நின்ற அந்த முற்றத்தில் மனித நடமாட்டமே தெரியவில்லை. பாரந்தூக்கி மட்டும் தானாக நகர்வதுபோல நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக என் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ரெஜினா வீட்டில் பெரிய வாக்குவாதம். பெண்பிள்ளையைத் தொழிலுக்குப் படகில் ஏற்றுவது வழக்கமில்லை என்றார் சூசை.

“படிச்ச பிள்ளப்பா. சங்கப் பத்தி ஒங்களுக்கே பாடம் எடுப்பா” என்றாள் ரெஜினா.

“அப்ப அவ எறங்கிச் சங்கு எடுக்கட்டும், நா கரையில இருந்து பாக்கேன்” என்றான் கிங்ஸ்டன்.

கடைசியில் சூசை சம்மதித்தார். அன்று படுக்கப் போகும் முன் ரெஜினா எனக்குக் கடல் பாடம் எடுத்தாள். விசில் அடிக்காதே, எப்போது திரும்புவோம் என்று கேட்காதே, படகில் ஏறும்போது வலது காலை வை. மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். முக்கியமான ஒன்றை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லையே.

ஞாயிறு பூசை நாள், தொழிலுக்குப் போக மாட்டார்கள். அதனால் திங்கட்கிழமை விடியலில் கிளம்பினோம். சூசை, கிங்ஸ்டன், காற்றுக் குழாயைக் கவனிக்கும் பிச்சை அண்ணாச்சி, நான். பிச்சைக்கு ஐம்பது வயதிருக்கும். பீடியை வாயின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டே பேசுவார். துறைமுகத்துக்குள் போக முறை வருவதற்காக வெளிக்கடலில் பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. ஒன்றின் நிழலுக்குள்ளேயே எங்கள் படகு போனது. ஏழு மாடி உயரம். தளத்தில் ஓர் ஆள் இல்லை, ஒரு குரல் இல்லை. பக்கவாட்டில் ஒரு துளையிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தன.

வான் தீவுக்கு வெளியே, ஐந்தாறு ஆள் ஆழம் உள்ள இடத்தில் படகை நிறுத்தினார்கள். கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அந்தக் காலத்தில் முத்துச்சிப்பி விளைந்த பார் இது, இப்போது சிப்பி இல்லை, சங்கு மட்டும் உண்டு என்றார் சூசை. காற்று அடியோடு நின்றிருந்தது. கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது.

கிங்ஸ்டன் முகமூடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் உறையோடு ஒரு கத்தியைக் கட்டினான். என் கத்தியைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

“சங்கு இதப் பாத்துச்சின்னா சிரிச்சிட்டே வெளிய வந்துரும்” என்று திருப்பித் தந்தான்.

படகிலுள்ள காற்று இயந்திரத்திலிருந்து அவன் இடுப்பு வழியாக வாய்க்குப் போகும் காற்றுக் குழாய் ஒன்று. அது போகக் கையில் சங்கு போடும் வலைப்பை. அந்தப் பையிலிருந்து ஒரு கயிறு படகுக்கு வரும். ஒரு தடவை சுண்டினால் பையைத் தூக்கு என்று அர்த்தம். மூன்று தடவை சுண்டினால் கத்தி அனுப்பு என்று அர்த்தம். அறுந்த வலைகள் அடியில் கிடக்கும், அதில் சிக்கிக் கத்தியும் கைதவறினால் அதுதான் வழி. இதைப் பிச்சை எனக்கு விளக்கினார்.

கிங்ஸ்டன் குதித்தான். குமிழிகள் வரிசையாக வந்தன. உடனே பிச்சை எழுந்து படகு முழுக்க ஒரு சுற்று வந்தார். தண்ணீர்க் கேனின் மூடியைத் திருகி எடுத்தார். சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்து வைத்தார். எண்ணெய் டின், இயந்திரப் பெட்டி, வெற்றிலைப் பெட்டி, சூசையின் கண்ணாடிக் கூடு என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தார். அத்தனையும் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. சோற்றில் கடல் தண்ணீர் தெறிக்குமே என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. நான் ஒழுங்கு பார்க்கிறவள். ஆனாலும் விருந்தாளி என்பதால் பேசாமல் இருந்தேன்.

சற்று நேரம் கழித்துப் பிச்சை ஒரு நைலான் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். “குடுங்க அண்ணாச்சி” என்று வாங்கி ஒரே இழுப்பில் வெட்டினேன். மறுநொடி என் பழக்கப்படி மடக்கினேன்.

டக்.

காற்று இயந்திரத்தின் சீரான முனகலுக்கு மேலே அது பெரிய சத்தமாகத்தான் கேட்டது. பிச்சையின் வாயிலிருந்த பீடி விழுந்தது. படகின் மறுகோடியில் இருந்த சூசை மெல்லத் திரும்பினார்.

“என்ன சத்தம் அது?”

சூசை எங்கள் கைகளைப் பார்த்தார்.

“எதையோ மூடுனியளா?”

“பிள்ள கத்திய மடக்கிட்டு” என்றார் பிச்சை.

சூசை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மனுசன் கீழ இருக்கையில படகுல எதையும் மூட மாட்டோம்மா. ரெஜினா சொல்லலையா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “தொற. மூடுனவங்கதான் தொறக்கணும். அவன் மேல வர வரைக்கும் கையிலயே வச்சிரு” என்றார்.

திறந்தேன். இரண்டாவது முயற்சியில்தான் அலகு வெளியே வந்தது. கத்தியைத் திறந்தபடி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். குமிழிகளைக் காணோம்.

வெயில் தண்ணீரில் பட்டுச் சிதறியது, அதனால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிச்சை குழாயைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். பதில் இழுப்பு இல்லை. பலமாக இழுக்கவும் முடியாது, பாறையில் மாட்டியிருந்தால் குழாய் கிழிந்துவிடும். சூசை விளிம்பில் குனிந்து, “ஏலே… ஏலே…” என்று மெதுவாகக் கூப்பிட்டார். தண்ணீருக்குள் கேட்காது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கூப்பிட்டார். அவர் பின்கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் அசைவால் நான் அவர் மகனை என்ன செய்துவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. நான் படித்தவள், ஒரு கத்தி மூடுவதற்கும் ஒருவன் மூச்சுக்கும் தொடர்பில்லை என்று அறிந்தவள். அந்த அறிவு அப்போதும் இருந்தது. ஆனால் அது கரையில் இருந்தது.

அப்போது பைக்கயிறு அசைந்தது.

ஒன்று. இடைவெளி. இரண்டு. இடைவெளி. மூன்று.

“கத்தி கேக்கான்” என்றார் பிச்சை. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

படகில் மீன் அறுக்கும் கத்தி ஒன்று கிடந்தது. பிச்சை அதை எடுக்கப் போனார். சூசை தடுத்தார். “அது வேண்டாம். மூடுனது எதுவோ அது போவட்டும்.” என் முன்னால் கையை நீட்டினார். கத்தியின் பிடி முனையில் கயிறு கோக்க ஒரு சிறு துளை உண்டு. அதில் அவரே வேறொரு கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டு, கூடவே ஒரு ஈயக் குண்டும் கட்டினார். ஒரு வளையத்தில் மாட்டிப் பைக்கயிற்றோடு வழுக்கிப் போகும்படி இறக்கினார். திறந்த அலகு தண்ணீருக்குள் மின்னியது, பச்சையானது, பிறகு இல்லை.

கயிறு ஓடி ஓடி நின்றது. தொய்ந்தது. பிறகு ஒரு இழுப்பு. மீன் இழுப்பது வெடுக்கென்று இருக்கும் என்பார்கள். இது அப்படி இல்லை. கடையில் சாமான் வாங்குகிறவர் கையை நீட்டி வாங்குவதுபோல நிதானமாக இருந்தது.

“வாங்கிட்டான்” என்றார் சூசை. சிலுவை போட்டுக்கொண்டார்.

கயிற்றை மேலே இழுத்தார். ஈயக் குண்டு வந்தது. கத்தி இல்லை. கயிற்று நுனியைக் கையில் வைத்துப் பார்த்தார். அறுபடவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. சூசை போட்ட முடிச்சு புயலில் படகையே பிடித்து நிறுத்தும் என்று ரெஜினா பெருமையடிப்பாள்.

“எப்பா!”

குரல் எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தது. படகின் மறுபுறம், நன்றாகத் தள்ளி, கிங்ஸ்டன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தான். நீந்தி வந்து விளிம்பைப் பிடித்தான். சூசை அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“என்னாச்சு? ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கிய?”

“கத்தி எங்கலே?” என்றார் பிச்சை.

“எந்தக் கத்தி?” கிங்ஸ்டன் இடுப்பைத் தட்டிக் காட்டினான். அவன் கத்தி உறையிலேயே இருந்தது. “இந்தா இருக்கு.”

“இப்ப கேட்டியே, மூணு சுண்டு…”

“நா எங்க சுண்டுனேன்? பைய அந்தப் பக்கம் மணல்ல வச்சிட்டு நா இந்தப் பக்கமால்லா வந்தேன். கல்லச் சுத்தி வந்ததுல குழாய் மாட்டிக்கிச்சு, எடுத்து விட்டுட்டு வாரேன்.”

நாங்கள் நால்வரும் பைக்கயிற்றைப் பார்த்தோம். அது படகிலிருந்து நேராகக் கீழே இறங்கி, அசையாமல் நின்றது.

சூசை எழுந்தார். பைக்கயிற்றைக் கட்டியிருந்த முளையிலிருந்து அவிழ்த்துக் கடலில் விட்டார்.

“எப்பா, அதுல சங்கு கெடக்கு!”

“கெடக்கட்டும். ஏறு.”

கிங்ஸ்டன் ஏறிய பிறகுதான் பிச்சை ஒவ்வொரு மூடியாக மூடினார். திரும்பி வரும் வழியில் சூசை ஒரே ஒருமுறைதான் பேசினார். “யாருன்னு யாரும் கேக்கப்படாது. கேட்டாவ, குடுத்தாச்சு.” கரையில் படகு தட்டிய பின் கிங்ஸ்டன் என்னைத் தனியே கூப்பிட்டான். காலையில் இருந்த கேலி அவன் முகத்தில் இல்லை.

“அந்தச் சுண்டு எப்பிடி இருந்துச்சு? அவசரமாவா?”

“இல்ல” என்றேன். “நிதானமா.”

அவன் காற்றுக் குழாயைச் சுருட்டத் தொடங்கினான்.

அன்று மதியமே ஊருக்குக் கிளம்பினேன். ரெஜினா பேருந்து நிலையம் வரை வந்தாள். “நா சொல்லிருக்கணும்ளா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தின் சணலை வெட்ட என் கை தானாகப் பைக்குள் போய் வெறுமையைத் தடவிவிட்டு வந்தது. பல்லால் கடித்துத்தான் பிரித்தேன்.

காரணங்களை யோசித்துக்கொண்டே வந்தேன். அடிநீரோட்டம் பையை மூன்று முறை புரட்டியிருக்கலாம். திருக்கை ஏதாவது உரசியிருக்கலாம். பதற்றத்தில் சூசையின் கை முடிச்சைச் சரியாகப் போடாமல் விட்டிருக்கலாம். பரிசோதனைக் கூடத்தில் இந்த மூன்றையும் எழுதினால் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கயிறு என் தொடையை ஒட்டித்தான் போனது. அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.

வைப்பாற்றைத் தாண்டியதும் எங்கள் பக்கத்துப் புகை வாசனை வந்தது. எங்கள் ஆட்கள் கரி போடுவதே மூடுகிற வேலைதான். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈர மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். பிறகு நாள்கணக்கில் மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எங்கே சிறு ஓட்டை விழுந்தாலும் ஓடிப்போய் மண் வைத்து அடைக்க வேண்டும். காற்று உள்ளே போனால் அத்தனையும் சாம்பல். சின்ன வயதிலிருந்தே திறந்ததைக் கண்டால் மூடு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, திறந்ததை மூடாதே என்று சொல்லி வளர்க்கிறார்கள். இங்கே மண்ணுக்குள் இருப்பது விறகு, அங்கே தண்ணீருக்குள் இருப்பது பெற்ற பிள்ளை. இரண்டு ஊரிலும் யாரும் மூடநம்பிக்கைக்காக இதைச் செய்யவில்லை. காவல் இருக்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த நிதானமான இழுப்புக்கு இதில் இடம் இல்லை.

புதுக் கத்தி நான் வாங்கவில்லை. மூட்டைகளைக் கூடத்தில் இருக்கும் கத்தரிக்கோலால் பிரிக்கிறேன். ஒரு வாரம் கழித்துக் கிங்ஸ்டனுக்குப் போன் செய்து, அந்த இடம் அவனுக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். எதுக்கு?”

“மேல இருந்து மூடுனவ நான். கீழ என்ன இருக்குன்னு நான்தான் பாக்கணும்.”

“நீச்சல் தெரியுமா ஒனக்கு?” என்றான்.

எங்கள் ஊரில் கடல் இல்லை. மிளகாய்த் தோட்டத்தில் ஆழமான கிணறு ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே முதுகில் காலிக் கேனைக் கட்டிக்கொண்டு அதில் குதித்தேன். அம்மா படியில் உட்கார்ந்து இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “ஏளா, சாகதுக்கா படிக்க வச்சோம்?” என்று கிணறு எதிரொலிக்கக் கத்தினாள். ஆனால் கயிற்றை விடவில்லை. மூன்றாவது வாரம் கேனைக் கழற்றினேன். போன ஞாயிறு, காதுக்குள் ஊசி குத்துவதுபோல வலிக்க வலிக்க இறங்கி, கண் தெரியாத இருட்டில் அடிச்சேற்றைத் தொட்டு, ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வந்தேன்.